எண்பதில் ஒரு முனகல்

என் வீட்டுக்காரரை எல்லோரும் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பழைய கார்களில் வேகம் கூடும்போது வரும் சத்தத்தையும் நடுக்கத்தையும் கண்டுபிடிப்பது அவர் தொழில். மற்ற மெக்கானிக்குகள் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுத் தேடுவதை, இவர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "பின்னாடி இடது சக்கரம், பேரிங் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். பெயர் அப்படி வந்தது. அந்தக் காது போய் வெகுநாளாகிறது என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. சத்தமில்லாத அறையில் முகத்துக்கு நேரே நின்று கத்தினால் கேட்கும். மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆனால் ஓடுகிற காருக்குள் ஒன்றும் கேட்காது. அதனால் நான் கூடப் போவேன். அவர் ஓட்டுவார், நான் பக்கத்துச் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். சத்தம் ஆரம்பித்தால் மடியில் இருக்கும் கையை விரிப்பேன், நின்றால் மூடுவேன். கீச்சென்றால் ஒரு விரல், முனகல் என்றால் இரண்டு, தட்டல் என்றால் மூன்று. பின்சீட்டில் இருக்கும் வண்டிக்காரருக்கு இது எதுவும் தெரியாது. "சம்சாரம் இல்லாம காதுக்காரர் வண்டிய எடுக்கமாட்டாரு, அவ்வளவு பிரியம்!" என்று கேலி செய்வார்கள். பிரியமாவது மண்ணாவது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நானும் சிரித்து வைப்பேன்.

விஷயம் வெளியே தெரிந்தால் எங்கள் அடுப்பு அணைந்துவிடும் என்பதல்ல. மகள் இருக்கிறாள், பட்டினி போட மாட்டாள். நான் பயந்தது வேறு. ஒருமுறை மஞ்சள் காமாலை வந்து இவரை வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். உடம்பு தேறும்வரை சுவரைப் பார்த்துப் படுத்தவர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். சட்டைப் பட்டனைக்கூடப் போடவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் அவர் மனுஷன். அதை அவரிடமிருந்து யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்றுதான் காதும் காதும் வைத்ததுபோல இந்த நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. சத்தம் என்னுடையது, நடுக்கம் அவருடையது. ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கரம், சீட்டு ஆடினால் பின்சக்கரம், காலுக்குக் கீழே தரைத் தகடு அதிர்ந்தால் வண்டிக்கு அடியில் சுற்றும் ஷாஃப்ட் என்று அவர் உடம்பே ஒரு கருவி. ஆரம்பத்தில் ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், "என்னங்க, சீட்டு ஆடுற மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டேன். "நான் உன் காதைத்தானே கேட்டேன்? மத்தது எதுக்கு உனக்கு?" என்று எரிந்து விழுந்தார். எனக்கும் ரோஷம் உண்டு. அன்றிலிருந்து வண்டி பூகம்பத்தில் மாட்டியதுபோலக் குலுங்கினாலும் நான் வாயைத் திறப்பதில்லை. போதாததற்கு எனக்கு இடுப்பு வலி. சீட்டில் தடிமனான பஞ்சு மெத்தை ஒன்றைப் போட்டு, அதன்மேல் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்காருவேன். நடுக்கம் என்னிடம் வந்து சேர வழியே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இத்தனை காலத்தில் எனக்கு ஆசையாக ஒரு முழம் ரிப்பன்கூட வாங்கித் தராத மனிதர், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு ஜோடி லோலாக்கு வாங்கி வந்தார். நீளமான சங்கிலி, நுனியில் மிளகு அளவு மணி. "போட்டுக்க. வண்டியில வரும்போது கழட்டாத" என்றார். நான் கண்ணாடி முன்னால் நின்று, இந்த வயசில் இது தேவையா என்று திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டேன். வண்டி ஓட்டும்போது அவர் அடிக்கடி ஓரக்கண்ணால் என் காதைப் பார்ப்பது தெரியும். நான் கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன். வெட்கமாக இருக்கும், வேறென்ன.

பல் டாக்டரின் கார் வந்தபோது என் வலது காது மடல் புண்ணாகி வீங்கியிருந்தது. ஒரு காதில் மட்டும் போட்டால் கோமாளி மாதிரி இருக்கும் என்று இரண்டையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

அந்தக் கார் டாக்டரின் அப்பா வாங்கியது. தேன் நிறம், உருண்டை மூக்கு, கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்துகிற சத்தம். டாக்டர் இளவயசுக்காரர். அண்ணே, அக்கா என்று எங்களை வாய் நிறையக் கூப்பிடுவார். "எண்பதைத் தாண்டினா உள்ள ஏதோ முனகுதுண்ணே. அம்மாவுக்கு உடம்பு முடியல. டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. கடைசியா ஒருதடவை அவங்க அக்காவைப் பாக்கணுமாம். நாள் முழுக்க ஓட்டணும். வேற வண்டியில ஏறமாட்டேன், அப்பா வண்டியிலதான் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்குறாங்க" என்றார். இதை எல்லாம் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் திரும்பி என் வீட்டுக்காரருக்குப் புரியும்படி வாயை அசைத்து, "அம்மாவ ஏத்திட்டு ரொம்ப தூரம் போகணுமாம்" என்றேன். இவர் தலையாட்டினார்.

வண்டியில் ஏறும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லோலாக்கு எங்க?"

"காதுல புண்ணு. என்ன, புது மாப்பிள்ளை மாதிரி விசாரிக்கிறீங்க?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் பின்கதவைத் திறந்து ஏறினார், இவர் வாயை மூடிக்கொண்டார்.

ஊரைத் தாண்டினால் நேரான அகலச் சாலை. எழுபது வரை வண்டி சமர்த்தாகப் போனது. எண்பதைத் தொட்டதும், மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ வாயை மூடிக்கொண்டு அழுவதுபோல ஒரு முனகல் எழுந்தது. கையை விரித்து இரண்டு விரலை நீட்டினேன். அவர் கியரை நியூட்ரலில் தள்ளினார். எஞ்சின் அடங்கிவிட்டது, வண்டி தன் வேகத்தில் உருண்டது. முனகல் போகவில்லை. அப்படியென்றால் கோளாறு எஞ்சினில் இல்லை, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்றில். இந்த அளவுக்கு எனக்கே பாடம். மீண்டும் கியரைப் போட்டு மிதித்தார், விட்டார், வளைத்தார். என் கை விரிந்தே இருந்தது.

பட்டறைக்கு வந்ததும், "நடுக்கம் துளிகூட இல்ல. தரை கல்லு மாதிரி நிக்குது" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். நடுக்கம் இல்லாமல் முனகல் மட்டும் வருகிறதென்றால் ஒன்று டயர், இல்லையென்றால் பின் அச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டி. முதலில் டயர்களை மாற்றினோம். முனகல் அப்படியே இருந்தது. சரி, பல்சக்கரப் பெட்டியை இறக்கலாம் என்றார். அதை இறக்க வேண்டுமானால், எஞ்சின் பக்கமிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். அதன் முனையில் கிராஸ் என்று ஒரு மூட்டு இருக்கும். அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடி அந்த மூட்டைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தார். "வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றார். ஷாஃப்டை ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டோம்.

பெட்டிக்குள் பல்லெல்லாம் பளபளவென்று இருந்தது. ஆனாலும் விடாமல் பேரிங்குகளை மாற்றிப் பூட்டினார். டாக்டர் தினமும் மதியம் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு நேராக இங்கே வந்து நிற்பார். "அம்மா இன்னிக்குக் கஞ்சி குடிக்கலக்கா" என்பார். "இன்னிக்கு எழுந்து உட்காந்து, வண்டி எப்ப வரும்னு கேட்டாங்க" என்பார்.

பூட்டி, டாக்டர் வருவதற்குள் நாங்களே எடுத்துப் போனோம். எண்பதில் மறுபடி அதே முனகல். என் கை விரிந்ததைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "உனக்குக் காது சரியா இருக்கா?" என்றார்.

"என்னது?"

"புண்ணு வேற. உள்ள எதாவது இரையும். அதைப் போய் வண்டிச் சத்தம்னு சொல்றியோ என்னமோ."

எனக்கு வந்ததே கோபம்! "யாரு யாரைப் பாத்துக் கேக்குறது? எனக்கா காது சரியில்ல? நல்லா இருக்கு நியாயம்! இத்தனை நாளா யாரு காதுல நீங்க பேரு வாங்கிட்டு இருக்கீங்க?" என்று கத்தினேன். இவ்வளவு பக்கத்தில் கத்தினால் அவருக்கே கேட்கும். கேட்டது. வண்டியைத் திருப்பி வீட்டுக்கு விட்டார். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை, தெரியும். ஆனால் அவர் முதலில் ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் டாக்டர் போன் செய்தார். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதாம், இனியும் தள்ளிப்போட முடியாதாம், நாளைக்கே கிளம்ப வேண்டுமாம். நான் இவரிடம் சொன்னேன். கையிலிருந்த துணியை உதறி மடித்தார். "நடுக்கம் இல்லாத சத்தம் ஆளைக் கொல்லாது. எடுத்துட்டுப் போகச் சொல்லு. வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, "கடைசியா ஒருதடவை போய்ட்டு வந்துடலாம், வா" என்றார்.

அன்றும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். நல்ல வெயில். இந்தக் காலத்து வண்டி இல்லையே, உள்ளே அடுப்பங்கரை மாதிரி அனல். எண்பது வந்தது, முனகலும் வந்தது. நான் கையை விரிக்கவில்லை. விரித்து என்ன ஆகப்போகிறது என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தேன். அது கை நழுவி, இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில் விழுந்து, அவர் கால் பக்கம் சறுக்கியது.

சம்மணத்தைப் பிரித்துக் குனிந்து, தரையில் கையை ஊன்றினேன். ஊன்றிய கை விர்ரென்று கூசியது. உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை ஏறியது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். தரைத் தகடு முழுக்கக் கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தை வைத்தால்கூடச் சொல்லிவிடும். இதையா கல்லு மாதிரி நிற்கிறது என்றார்?

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. கழன்று பின்னால் எங்கோ கிடந்தது. வெறும் கால், புகைக்குழாய் போகும் பக்கத்துத் தகட்டில் சாய்ந்திருந்தது. அந்தத் தகட்டில் என்னால் விரலை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அவர் பாதத்தின் ஓரம் கொப்பளித்து, தோல் வெள்ளையாக உரிந்து தொங்கியது.

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அந்தக் காலைப் பிடித்து அழுத்திக் கிள்ளினேன். நகம் பதியக் கிள்ளினேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் நேரே சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

தோளைப் பிடித்து உலுக்கினேன். நிறுத்தினார். எஞ்சினை அணைக்கச் சொன்னேன். வெளியே காற்றுகூட இல்லை. அவர் முகத்தை என் பக்கம் திருப்பி, "காலைப் பாருங்க" என்றேன். குனிந்து பார்த்தார். அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. செருப்பைத் தேடி எடுத்து, யாருடைய காலோ மாதிரி அந்தக் காலைக் கையால் தூக்கி அதில் நுழைத்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

செருப்பு வாரை இழுத்துச் சரிசெய்தார்.

"வலது கால்?"

"அதுவும்தான்."

"அப்ப பிரேக்கு எப்படிப் பிடிக்கிறீங்க?"

"ஞாபகத்துல" என்றார்.

எத்தனை வண்டிகள், எத்தனை பேரைப் பின்சீட்டில் வைத்து, எவ்வளவு வேகம். பக்கத்தில் நான் வேறு, கண்ணை மூடிக்கொண்டு. சர்க்கரை இருக்கிறது, மாத்திரையைப் போடுங்கள் என்று தினமும் தொண்டை வறளக் கத்துவேன். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருப்பார். "கையி?" என்றேன். விரல்களை விரித்துக் காட்டி, "நுனி மட்டும்" என்றார். அந்த நுனியால்தான் அவர் மூட்டைத் திருகிப் பார்த்து வெண்ணெய் என்றார்.

ஆனால் ஒன்று புரியவில்லை. "அப்புறம் எப்படி இவ்வளவு நாளா சரியா சொன்னீங்க? போன மாசம்கூட அந்த நீல வண்டி, முன்சக்கரம் பேலன்ஸ் இல்லன்னு வந்த உடனே சொன்னீங்களே?"

அவர் என் காதைப் பார்த்தார். புண்ணான காதை. பிறகு தன் காது மடலை விரலால் தொட்டுக் காட்டினார்.

"உன் லோலாக்கு."

என் கை தானாகக் காதுக்குப் போனது.

"மேலயும் கீழயும் துள்ளினா பின்சக்கரம். பக்கவாட்டுல ஆடினா முன்னாடி. சின்னப் பூச்சி மாதிரி விடாம அதிர்ந்துதுன்னா ஷாஃப்டு. நீளமா, நுனியில கனம் இருக்குற மாதிரி தேடி வாங்கினேன்." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "இந்த வண்டிக்கு நீ போட்டுட்டு வரல."

"போடுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"புண்ணுன்னு சொன்னியே. எதுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

பெட்டியை இறக்கி, பேரிங் மாற்றி, டாக்டரை அலையவிட்டு, சாகக் கிடக்கிற அந்த அம்மாவை இந்த வண்டியில் ஏற்றி அனுப்ப இருந்தோம். ஷாஃப்ட் ஓடும்போது கழன்றால் தரையில் குத்தி வண்டியையே தூக்கிப் போட்டுவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே இவர்தான். அதை எல்லாம் நினைத்துத்தான் எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வந்தது அதற்கு இல்லை.

"அப்ப அது எனக்குன்னு ஆசையா வாங்கினது இல்ல?" என்றேன்.

என் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். புரியவில்லை என்று சொல்ல முடியாது. முகத்தை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். காது கேட்காதவருக்கு அது ஒரு வசதி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், உலகத்தில் யாரும் அவரை ஒன்றும் கேட்க முடியாது.

நான் இறங்கிச் சுற்றிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். "இறங்குங்க."

"நீ எங்க ஓட்டுவ? கடைத்தெருவுக்குப் போய்ட்டு வர்றது மாதிரியா இது?"

"இறங்குங்கன்னு சொல்றேன்ல."

இறங்கினார். பக்கத்துச் சீட்டில் என் பஞ்சு மெத்தைமேல் ஏறி உட்கார்ந்தார். இருபதைத் தாண்டாமல் உருட்டி உருட்டிப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டினார்கள். நல்லவேளை, ஒருவருக்காவது கேட்கவில்லை.

டாக்டருக்குப் போன் செய்து, கோளாறு தெரிந்துவிட்டது, ஒருநாள் பொறுங்கள் என்றேன். பட்டறையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கால் புண்ணைக் கழுவிக் கட்டினேன். வண்டிக்கு அடியில் நான் படுத்தேன். அவர் சொல்லச் சொல்ல நட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை இறக்கி, அந்த மூட்டைக் கையில் பிடித்துத் திருகினேன். நறநறவென்று ஓரிடத்தில் சிக்கியது, விட்டது, மறுபடி சிக்கியது. பிரித்தால் உள்ளே ஊசி ஊசியாக இருக்க வேண்டிய பேரிங் துருப்பிடித்துச் செங்கல் பொடியாகக் கொட்டியது. பொடியை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். அவர் அந்தப் பொடியை விரலில் தேய்த்துப் பார்க்கவில்லை.

ஷாஃப்டை லேத் பட்டறைக்குக் கொடுத்துப் புது மூட்டு போட்டு, சுற்றவிட்டுச் சரிபார்த்து வாங்கினேன். அவர்கள் வேலை செய்த நேரத்தில் இவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன், பல் டாக்டரிடம் அல்ல. அந்த டாக்டரம்மா ஒரு சின்ன ஊசியால் காலில் குத்திக்கொண்டே வந்தார். கண்ணை மூடிக்கொண்டு இருங்கள், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும்போதுதான் இவர் "ம்" என்றார். செத்த நரம்பு திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், வண்டி மட்டும் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டையின் மேல் பட்டன் போடாமல் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நடுவழியில் நிறுத்திப் போட்டுவிட்டேன். விட்டுக்கொடுத்துவிட்டார், ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவே எனக்கு என்னவோபோல் இருந்தது.

மறுநாள் டாக்டர் வந்தார். அம்மா கிளம்பி, புதுப் புடவை கட்டி உட்கார்ந்திருக்கிறார்களாம். நான் உள்ளே போய் அலமாரியிலிருந்து லோலாக்கை எடுத்தேன். வலது காது இன்னும் ஆறவில்லை. நான் ஓட்டினால் அவர் என் இடது பக்கம்தான் உட்காருவார். இடது காதில் மட்டும் போட்டுக்கொண்டேன். கோமாளி மாதிரிதான் இருந்தது. இருக்கட்டும்.

"என்னக்கா, இன்னிக்கு நீங்க ஓட்டுறீங்க?" என்று டாக்டர் பின்சீட்டிலிருந்து கேட்டார்.

"அவருக்குக் கால்ல புண்ணு" என்றேன்.

அதற்குமுன் அறுபதைத் தாண்டி நான் ஓட்டியதே இல்லை. எழுபது. எழுபத்தைந்து. ஓரக்கண்ணில் அவர் தெரிந்தார். என் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இத்தனை நாள் பார்த்த அதே பார்வை. இப்போது எனக்கு வெட்கம் வரவில்லை. எண்பது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். காற்றுச் சத்தம், டயர் சத்தம், வேறொன்றும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இடது பாதத்தைத் தரையில் வைத்தேன். தரை கல்லு மாதிரி நின்றது.

முனகல் போய்விட்டது என்று டாக்டருக்கும் தெரிந்துவிட்டது. முன்னால் எக்கி வந்து, என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே, "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டா நான் அம்மாவ நிம்மதியா உட்காரவச்சுடுவேன். சொல்லுங்கண்ணே" என்றார்.

நான் மடியில் ஒரு கையை இறக்கி, மூடிக் காட்டினேன். சத்தம் இல்லை என்று அர்த்தம். அவர் சரி என்று சொன்னால் போதும். சொல்லிவிட்டால் காதுக்காரர் காதுக்காரராகவே இருப்பார். கால் புண் ஆறும்வரை என்று ஆளுக்கொரு பொய் சொல்லி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

அவர் என் கையைப் பார்த்தார். லோலாக்கைப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, காது கேட்காதவர்கள் பேசுவதுபோல, தேவைக்கு மேல் சத்தமாக, "என்னைக் கேக்காதீங்க டாக்டர். எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாச்சு. இப்போ காலும் செத்துப்போச்சு. வண்டிக்கு என்னன்னு கண்டுபிடிச்சது இவதான். இவளைக் கேளுங்க" என்றார்.

நான் சாலையைப் பார்த்தேன். இவ்வளவு நாள் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு நிமிஷத்தில் கொட்டிவிட்டாரே என்று இருந்தது. ஊர் வைத்த அந்தப் பெயர், அந்தக் கேலி, அந்த விரல் கணக்கு எல்லாம் போயிற்று. நாளையிலிருந்து இவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார் என்று நினைத்தேன். டாக்டர் மெதுவாக, "அக்கா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். வண்டி நல்லா இருக்கு. அம்மாவ ஏத்திட்டுப் போங்க" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதேன். சத்தம் வந்தாலும் அவருக்குக் கேட்கப்போவதில்லை.

அவர் திரும்பி மறுபடி என் காதைப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய காதுக்காரரின் முகம்.

"லோலாக்கு ஆடுதே" என்றார். "சின்னதா, விடாம ஆடுது. ஷாஃப்டு இன்னும் சரியாகல. நிறுத்து, நிறுத்து."

நான் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கட்டும் என்று முழுக்க அவர் பக்கம் திரும்பினேன்.

"வண்டி இல்லங்க" என்றேன். "நான்."